இருபத்து நான்கால் வகுத்தால்

1940-ஆம் ஆண்டு பிரிட்டனில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவதற்காக ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு அறிவிக்கப்பட்ட விலை 5,000 பவுன். அன்று ஒரு ரூபாயின் மாற்று மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. அந்தக் கணக்கில் ஒரு விமானம் 66,667 ரூபாய். நன்கொடைப் பட்டியலில் உதிரிப் பாகங்களுக்கும் விலை இருந்தது: ஓர் இறக்கை 2,000 பவுன், நம் பணத்தில் 26,667 ரூபாய். ஒரு ரிவெட் 6 பென்ஸ், அதாவது 5 அணா 4 பை. ஒரு படையணி ஒரே நேரத்தில் பறக்கவிடும் 12 விமானங்களுக்கு அறிவிப்பு விலைப்படி சரியாக 8,00,000 ரூபாய் ஆகிறது. உண்மையான உற்பத்திச் செலவு இதைவிட அதிகம். 5,000 என்பது வசூலுக்கு வசதியான முழு எண், அவ்வளவே.

பிரிட்டிஷ் விமானப்படையில் சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய படையணிகள் மூன்று: 79, 234, 264. இவற்றில் 1940 கோடையில் ஸ்பிட்ஃபயரில் பறந்தது 234 மட்டுமே. 79 ஹரிக்கேனிலும் 264 டிஃபையன்டிலும் பறந்தன. இந்தக் கட்டுரையின் கணக்கு அந்த 234-ஆம் படையணியின் ஒரு விமானத்தை, பக்கவாட்டில் ஏ.இசட். என்ற குறி எழுத்துகளுடன், 1/24 அளவுப் பிளாஸ்டிக் கிட்டில் செய்து, வண்ணம் பூசி, பழசாக்குவதைப் பற்றியது. பழசாக்கும் வேலையை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் வெதரிங் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் ஸ்பிட்ஃபயரை 1953-இல் 1/72 அளவில் வெளியிட்டது. 1970-இல் அதே விமானத்தை 1/24 அளவில் கொண்டுவந்தது. 17 ஆண்டுகளில் நீளம் 3 மடங்கு, மேற்பரப்பு 9 மடங்கு, கனஅளவு 27 மடங்கு. உண்மை விமானத்தின் இறக்கை வீச்சு 11.23 மீட்டர். அது 1/72-இல் 15.6 செ.மீ., 1/48-இல் 23.4 செ.மீ., 1/32-இல் 35.1 செ.மீ., 1/24-இல் 46.8 செ.மீ. முதலாவது உள்ளங்கையில் நிற்கும். கடைசியானதற்கு அலமாரியில் ஒரு தட்டையே ஒதுக்க வேண்டும்.

வண்ணக்காரருக்கு வேண்டியது வீச்சு அல்ல, பரப்பு. ஸ்பிட்ஃபயரின் இறக்கைப் பரப்பு 22.48 ச.மீ. 24-இன் வர்க்கம் 576. வகுத்தால் மாதிரியின் இறக்கை 390 ச.செ.மீ. வருகிறது. இது வானிலிருந்து பார்க்கும் நிழற்பரப்பு. உடலுக்குள் மறையும் பகுதியைக் கழித்து, மேல்புறமும் கீழ்ப்புறமும் சேர்த்தால் ஏறத்தாழ 700 ச.செ.மீ. உடற்பகுதிக்கு 400, வாலுக்கு 150 என்று வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 1,250 ச.செ.மீ. இதில் பச்சையும் பழுப்பும் வரும் மேற்பகுதி 725, இளநிறக் கீழ்ப்பகுதி 525. உடல், வால் எண்கள் என் மதிப்பீடுகள். 10 விழுக்காடு முன்பின் இருக்கலாம். முடிவு அதனால் மாறாது.

இப்போது வண்ணம். ஒரு பூச்சு காய்ந்தபின் 10 மைக்ரான், அதாவது 0.01 மி.மீ. தடிமன் என்று கொள்வோம். 1,250 ச.செ.மீ. பரப்புக்கு அது 1.25 கன செ.மீ. காய்ந்த வண்ணம். டப்பாவில் உள்ள திரவத்தில் காய்ந்தபின் எஞ்சுவது 30 விழுக்காடு என்றும், ஏர்பிரஷிலிருந்து புறப்படுவதில் பாதி காற்றோடு போகிறது என்றும் எடுத்துக்கொண்டால், முழு விமானத்துக்கு ஒரு பூச்சு 8.3 மி.லி. ஆகிறது. பிரைமர் ஒன்று, டீகால் எனப்படும் ஒட்டுச் சின்னங்களை ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஒன்று, கடைசியில் மங்கல் வார்னிஷ் ஒன்று: மூன்றும் சேர்ந்து 25 மி.லி. நிறங்கள் தனி. டார்க் எர்த் என்ற பழுப்பை மேற்பகுதி முழுவதும் அடித்தால் 4.8 மி.லி. அதன்மேல் பாதிப் பரப்பில் டார்க் கிரீன் 2.4 மி.லி. கீழே 1940 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஸ்கை நிறம் 3.5 மி.லி. நிறங்களின் கூட்டுத்தொகை 10.75 மி.லி., எல்லாம் சேர்த்து 36 மி.லி. ஒரு சிறிய இருமல் மருந்துக் குப்பிக்கும் குறைவு.

ஹம்ப்ரால் எனாமல் டப்பா ஒன்று 14 மி.லி. மூன்று நிறத்துக்கு மூன்று டப்பா வாங்கினால் 42 மி.லி. செலவாவது 10.75 மி.லி., அதாவது 26 விழுக்காடு. மீதி 74 விழுக்காடு மூடிக்குள் தங்குகிறது. டாமியா, மிஸ்டர் கலர் ஆகியவற்றின் சிறு குப்பிகள் 10 மி.லி. மூன்று குப்பிக்கு 30 மி.லி., செலவு 36 விழுக்காடு. எந்த நிறுவனத்தை எடுத்தாலும் ஒற்றை மாதிரிக்கு வாங்குபவர் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதலாகவோ குறைவாகவோதான் பயன்படுத்துகிறார்.

வீணாவது நிறத்தில் மட்டும் அல்ல. ஏர்பிரஷில் நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் கழுவ நான் ஒதுக்குவது 15 மி.லி. தின்னர். இந்த விமானத்துக்கு நிறமாற்றங்கள் குறைந்தது 12: பிரைமர், விமானி அறையின் சாம்பல்பச்சை, கறுப்பு, வெள்ளி, மஞ்சள், மூன்று உருமறைப்பு நிறங்கள், இரண்டு வார்னிஷ், டயர்க் கறுப்பு, புகைக்குழாய்ப் பழுப்பு. 12-ஐ 15-ஆல் பெருக்கினால் 180 மி.லி. விமானத்தின் மேல் பூசும் வண்ணத்தைப் போல் சரியாக 5 மடங்கு தின்னர் கழுவுவதற்கே போகிறது. 250 மி.லி. பாட்டில் ஒன்று ஒரு விமானத்தில் முக்கால் பங்கு காலி. புதிதாக இதில் இறங்குபவர்கள் வண்ணத்துக்குப் பட்ஜெட் போட்டுவிட்டுத் தின்னரை மறப்பது எதனால் என்று எனக்கு விளங்கியதில்லை.

கிட்டின் விலை வேறு கதை. இந்தியச் சுங்க அட்டவணையில் 9503 என்ற தலைப்பின் கீழ் பொம்மைகளோடு அளவு குறைத்த மாதிரிகளும் வருகின்றன. 2020 பிப்ரவரியில் இதன் அடிப்படைச் சுங்கவரி 20 விழுக்காட்டிலிருந்து 60-ஆகவும், 2023 பட்ஜெட்டில் 70-ஆகவும் உயர்ந்தது. 100 ரூபாய் மதிப்புள்ள பெட்டி துறைமுகத்தில் 120 ரூபாயாக இருந்தது மூன்றே ஆண்டில் 170 ரூபாய் ஆயிற்று. உயர்வு 42 விழுக்காடு. பிற வரிகளை இதில் சேர்க்கவில்லை.

நேரக் கணக்கு இன்னும் ஒருபக்கச் சாய்வானது. 36 மி.லி. வண்ணத்தைச் சம அளவு தின்னரில் கலந்தால் 72 மி.லி. நிமிடத்துக்கு 1 மி.லி. என்ற வேகத்தில் அடித்தால் 72 நிமிடம். எனாமல் பூச்சு ஒன்றுக்கு 24 மணி நேரம் காயவிட்டால், பச்சைப் பகுதியில் விழும் ஐந்து பூச்சுகளுக்கு 120 மணி நேரம், அதாவது 7,200 நிமிடம். அடிப்பது 1 பங்கு, காத்திருப்பது 100 பங்கு. ஐப்பசி அடைமழையில் இந்த விகிதம் இன்னும் மோசமாகும். என் அனுபவத்தில் அந்த மாதத்தில் வார்னிஷ் பக்கம் போகாமல் இருப்பதே உத்தமம்.

இந்த ஐந்து பூச்சுகளின் தடிமனைச் சற்று நின்று பார்க்கலாம். பிரைமர், பழுப்பு, பச்சை, பளபளப்பு, மங்கல் என ஒவ்வொன்றும் 10 மைக்ரான். மொத்தம் 50 மைக்ரான், 0.05 மி.மீ. 24-ஆல் பெருக்கினால் 1.2 மி.மீ. உண்மை விமானத்தின்மேல் 1.2 மி.மீ. வண்ணம் அப்பியதற்குச் சமம் இது. அந்த விமானத்தின் வண்ணத் தடிமனைத் தாராளமாக 0.1 மி.மீ. என்று வைத்தாலும் நாம் பூசுவது 12 மடங்கு. அளவுக்குச் சரியாகப் பூச வேண்டுமானால் ஐந்து பூச்சுகளும் சேர்ந்து 4 மைக்ரானுக்குள் அடங்க வேண்டும். எந்தக் கையாலும் அது ஆகாது. ஆகவே மாதிரி விமானம் என்பது ஆரம்பத்திலேயே அளவு மீறிய பொருள். வெதரிங்கில் கேள்வி மீறலாமா கூடாதா என்பதல்ல, எவ்வளவு மீறுவது என்பது.

வண்ணம் உதிர்ந்து உலோகம் தெரிவதுபோல் வெள்ளிப் பொட்டு வைப்பதை எடுத்துக்கொள்வோம். தூரிகை நுனியால் 1 மி.மீ. பொட்டு வைப்பது எளிது. உண்மை அளவில் அது 24 மி.மீ. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. இறக்கையில் இருபது பொட்டு வைத்தால், இருபது பத்து ரூபாய் நாணயங்களை ஒட்டியதுபோல் இருக்கும். 0.5 மி.மீ. பொட்டு 12 மி.மீ. ஆகிறது, தேய்ந்த விமானத்தில் அது நம்பத்தக்கது. 0.2 மி.மீ. பொட்டு 4.8 மி.மீ. சிறியதை நோக்கிப் போகப் போக உண்மை கூடுகிறது, கை நடுங்குகிறது.

கீழ் எல்லையைக் கண் நிர்ணயிக்கிறது. நல்ல பார்வை பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. மாதிரியை 50 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோணம் 0.145 மி.மீ. அளவை மறைக்கிறது. 50 செ.மீ.-ஐ 24-ஆல் பெருக்கினால் 12 மீட்டர். அதாவது அலமாரிக்கு முன் நிற்பவர் உண்மை விமானத்தை 12 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறார். அந்தத் தொலைவில் 3.5 மி.மீ.-க்குக் குறைவான எதுவும் தனியாகத் தெரியாது. பளிச்சென்ற வெள்ளிப் பொட்டு இதற்கும் கீழே கண்ணில் படக்கூடும் என்பதால் இந்த எல்லையைச் சற்று நெகிழ்வாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தத்தில் வெதரிங் செய்பவருக்குக் கிடைக்கும் இடம் 0.15 மி.மீ.-க்கும் 1 மி.மீ.-க்கும் நடுவே உள்ளது. அதிலும் 0.2 முதல் 0.5 வரைதான் நான் நம்பும் பகுதி.

0.5 மி.மீ. பொட்டு 200 வைத்தால் மொத்தப் பரப்பு 0.39 ச.செ.மீ. 1,250-இல் அது 0.03 விழுக்காடு. பொட்டுக்கு 20 விநாடி என்றால் 67 நிமிடம். முழு விமானத்துக்கும் வண்ணம் அடிக்க 72 நிமிடம் ஆனது. பத்தாயிரத்தில் மூன்று பங்கு பரப்புக்கும் மீதி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே உழைப்பு.

பேனல் லைன் எனப்படும் தகட்டு இணைப்புக் கோடுகள் அடுத்த மீறல். மாதிரியில் கோட்டின் அகலம் 0.2 மி.மீ. என்றால் உண்மையில் 4.8 மி.மீ., ஏறக்குறைய அரை சென்டிமீட்டர். அப்படி வாய் பிளந்த இணைப்போடு எந்தப் போர் விமானமும் தொழிற்சாலையை விட்டு வெளியேறியிருக்காது. அந்தக் கோட்டில் கறுப்பு வாஷ், அதாவது நீர்த்த வண்ணம், விட்டால் கோடு இரட்டிப்பாகத் தெரியும். அடிநிறத்தைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பு போதும். அளவும் மிகக் குறைவு: 0.2 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. ஆழம், மொத்த நீளம் 10 மீட்டர் என்று வைத்தால் கோடுகளுக்குள் தங்குவது 0.2 மி.லி. டாமியாவின் பேனல் லைன் திரவக் குப்பி 40 மி.லி. கணக்குப்படி ஒரு குப்பி 200 ஸ்பிட்ஃபயருக்கு. துடைத்தெறிவது பத்து மடங்கு என்று கழித்தாலும் 20-க்கு வரும். ஒரே மாதிரியில் கால் குப்பியைக் காலி செய்பவரின் விமானம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ரிவெட் விஷயத்தில் ஸ்பிட்ஃபயரை உருவாக்கியவர்களே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். தட்டைத்தலை ரிவெட் அடிப்பது செலவான வேலை. குமிழ்த்தலை ரிவெட்டால் எவ்வளவு வேகம் குறையும் என்று அறிய, தட்டையான ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறந்து பார்த்தார்கள். சோதனை விமானி ஜெஃப்ரி குவில் சொன்ன கணக்கின்படி வேகம் மணிக்கு 22 மைல், அதாவது 35 கி.மீ. குறைந்தது. மணிக்கு சுமார் 350 மைல் போகும் விமானத்தில் இது 6 விழுக்காடு. பிறகு பருப்பைப் பகுதி பகுதியாகச் சுரண்டி எடுத்து, எங்கே தட்டைத்தலை கட்டாயம், எங்கே குமிழ்த்தலை போதும் என்று முடிவு செய்தார்கள். அதனால்தான் தொடக்ககால ஸ்பிட்ஃபயரின் பின்உடலில் குமிழ்த்தலைகள் தெரிகின்றன. இறக்கையின் முன்விளிம்பு வழுவழுப்பாக இருக்கிறது. தலை 6 மி.மீ. அகலம் என்றால் 1/24-இல் அது 0.25 மி.மீ. பின்உடலில் ரிவெட் வரிசைகள் மெலிதாகத் தெரியலாம். இறக்கையின் முன்விளிம்பில் அவற்றை எடுத்துக்காட்டுவது, அன்று சுரண்டிய பருப்பைத் திரும்ப ஒட்டுவதாகும்.

உருமறைப்பு நிறங்களின் எல்லையிலும் இதே கணக்குதான். பச்சையும் பழுப்பும் சேரும் இடத்தில் ஏர்பிரஷ் விடும் மங்கல் விளிம்பு 4 மி.மீ. என்றால் உண்மையில் 9.6 செ.மீ. புகை படிந்ததுபோல் ஆகிவிடும். உண்மையில் 2.5 செ.மீ. மங்கல் வேண்டுமானால் மாதிரியில் 1 மி.மீ. போதும். வட்டச் சின்னங்களில் சிக்கல் இல்லை. மேல் இறக்கையில் 56 அங்குல விட்டம், மாதிரியில் 59.3 மி.மீ. பக்கவாட்டில் 35 அங்குலம், மாதிரியில் 37 மி.மீ. அளவுகோல் வைத்து டீகாலைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு பழசாக்குவது என்பதற்கு நாள்காட்டி பதில் சொல்கிறது. பிரிட்டன் வான்போர் என்று கணக்கிடப்படும் காலம் 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை, 114 நாள். 234-ஆம் படையணி தெற்கு இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்துக்கு ஆகஸ்ட் 14-இல் வந்தது, செப்டம்பர் 11-இல் கார்ன்வாலில் உள்ள செயின்ட் ஈவல் தளத்துக்குத் திரும்பியது. இடைப்பட்டது 28 நாள். கீழ்ப்புற ஸ்கை நிறம் அப்போது நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ இரண்டு மாதம். அந்த 28 நாளில் விமானம் அழுக்காகியிருக்கும், எண்ணெய் வழிந்திருக்கும், உடலை ஒட்டிய இறக்கைப் பகுதி பூட்ஸ் பட்டுத் தேய்ந்திருக்கும். நிறம் வெளுத்திருக்க அவகாசம் குறைவு. பத்தாண்டு வெயிலில் கிடந்ததுபோல் வெளுக்க வைத்த 1940 ஸ்பிட்ஃபயர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை நேர்த்தியாகத்தான் இருக்கும், தேதிதான் ஒத்துவராது.

தேய்மானம் எங்கே என்பதற்கும் காரணம் உண்டு. ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் சிறு கதவு இடப்புறம் இருக்கிறது. ஆகவே இடது இறக்கையில் உடலை ஒட்டிய பகுதி வலதைவிட அதிகம் தேயும். இருபுறமும் 50-க்கு 50 என்று பொட்டு வைப்பது தவறு. அந்த ஆண்டின் ஸ்பிட்ஃபயரில் ஏலரான், சுக்கான், எலிவேட்டர் என்ற அசையும் கட்டுப்பாட்டுப் பகுதிகள் மூன்றும் துணி போர்த்தியவை. துணியின் மேல் வண்ணம் உதிர்ந்தால் அலுமினியம் தெரியாது. என் முதல் பெரிய மாதிரியில் இரண்டு ஏலரானிலும் சேர்த்து 30 வெள்ளிப் பொட்டு வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் இது உறைத்தது. உந்துவிசிறியிலும் அப்படியே: டி ஹாவிலண்ட் விசிறி உலோகம், முனை தேய்ந்தால் வெள்ளி தெரியும், ரோட்டால் விசிறி மரத்தால் ஆனது, தெரியாது. கிட்டில் எந்த விசிறி என்று பார்த்த பிறகே தூரிகையைத் தொட வேண்டும்.

துப்பாக்கிக் கறையில் பாதிக் கணக்குச் செல்லாது. எட்டு பிரவுனிங் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா, மொத்தம் 2,400. துப்பாக்கி ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,150 தோட்டா என்ற வேகத்தில் சுட்டால் எல்லாம் 16 விநாடிக்குள் தீர்ந்துவிடும். சுடும் முன் துப்பாக்கி வாய்களைச் சிவப்புத் துணித்துண்டுகளால் மூடி ஒட்டியிருப்பார்கள். சுட்டால் எட்டும் கிழியும், இறக்கையின் அடியில் புகைக்கோடு படியும். சுடவில்லை என்றால் எட்டும் முழுதாக இருக்கும், அடிப்புறம் சுத்தமாக இருக்கும். எட்டுச் சிவப்புத் துண்டுகளும் சேதமில்லாமல் இருக்க, அடியில் கரிய கோடுகள் நீளும் மாதிரி ஒரே நேரத்தில் இரண்டு வேறு நாள்களைக் காட்டுகிறது.

புகைக்குழாய்க் கறை பக்கத்துக்கு 4 செ.மீ. நீளம் போதும். உண்மையில் அது 96 செ.மீ. நிறம் சாம்பல் கலந்த பழுப்பு, கறுப்பு அல்ல. இதற்குச் செலவாகும் வண்ணம் சில துளிகள்.

கணக்கை முடிக்கும்போது மூன்று டப்பாக்களிலும் மீதி 31.25 மி.லி. டார்க் எர்த் 9.2, டார்க் கிரீன் 11.6, ஸ்கை 10.5. மூடியின் விளிம்பைத் துடைத்து இறுக்கி வைத்தால் இரண்டாவது ஸ்பிட்ஃபயருக்கு மூன்று நிறமும் தாராளம். மூன்றாவதற்கு டார்க் கிரீனும் ஸ்கையும் போதும். டார்க் எர்த் அரை மி.லி. பற்றாது.